சவாரிச் சுகம் கண்டவர்களின் நன்றி மடல்

பெறுநர்: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: பெங்களூரு கார் உரிமையாளர்களின் வலது காலில் கண்டறியப்பட்டுள்ள குறைபாடு தொடர்பாக.

கனம் பொருந்திய அமைச்சகத்தின் சமூகத்துக்கு,

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலாகிய இ20 பற்றி 2025 ஆகஸ்ட் 12 அன்று அமைச்சகம் வெளியிட்ட நீண்ட விளக்கம், பொதுமக்களின் ஐயங்களைத் தீர்த்ததோடு நில்லாமல், இந்த எரிபொருள் கூடுதல் வேகமெடுப்பையும் மேலான சவாரிச் சுகத்தையும் தருகிறது என்ற அரிய செய்தியையும் நாட்டுக்கு அறிவித்தது. சவாரிச் சுகம் என்பது சாலையின் மேடுபள்ளத்தில் எவ்வளவு பங்கு பயணியின் முதுகெலும்பை வந்தடைகிறது என்பதைக் குறிக்கும் பொறியியல் வழக்கு. அதை முடிவு செய்பவை ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், டயரின் காற்றழுத்தம், இருக்கையின் மெத்தை ஆகியவையே என்று பாடநூல்கள் இதுநாள்வரை கற்பித்துவந்தன. டேங்கில் ஊற்றப்படும் திரவமும் அந்தப் பட்டியலில் உண்டு என்று கண்டறிந்த பெருமை அமைச்சகத்தையே சாரும். ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்த பின்னும் பள்ளங்கள் மட்டும் ஒற்றுமையாக இருக்கும் பெங்களூருவில் இக்கண்டுபிடிப்பு பெரும் நன்றியுடன் வரவேற்கப்படுகிறது.

அதே விளக்கம், மைலேஜ் என்பது எரிபொருளை மட்டும் பொறுத்ததன்று, ஓட்டும் பழக்கம், ஆயில் மாற்றம், ஏர் ஃபில்டரின் தூய்மை, டயர்க் காற்று, ஏசியின் சுமை ஆகியவற்றையும் பொறுத்தது என்று எடுத்துரைத்தது. இவ்வறிவுரை நகரின் சேவை மையங்களில் வேரூன்றிவிட்டதற்குச் சான்று ஒன்று அண்மையில் கிட்டியுள்ளது. மைலேஜ் லிட்டருக்குப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாக இறங்கிவிட்டது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் தாமதமாகிறது என்ற இரு புகார்களோடு உள்ளே சென்ற 2017ஆம் ஆண்டு கார் ஒன்று, புதிய ஃபில்டர், புதிய ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி சுத்தம் ஆகியவற்றுக்கான பில்லுடன், அதே மைலேஜோடு வெளியே வந்தபோது, அதன் ஜாப் கார்டின் அடியில் "ஓட்டும் பழக்கம் குறித்து வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற வரி சேர்க்கப்பட்டிருந்தது. மாரத்தஹள்ளிக்கும் சில்க் போர்டுக்கும் இடையே அதே காலால் ஆண்டுக்கணக்காக அதே காரை ஓட்டிவரும் உரிமையாளரிடம் பேனாவை நீட்டி, அவ்வரிக்குக் கீழேயே கையெழுத்து வாங்கப்பட்டது.

நோயறியும் முறை அறியாத குறையால் இவ்வாறு நேர்ந்ததென்று கருத இயலாது. ஏனெனில் அம்முறை எளியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்பட, எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே இ20 என்ற கலவைக்கு இவ்விகிதம் 13.5 அளவில் நிற்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த பின் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, கலவையில் எரிபொருள் போதவில்லை என்று என்ஜினின் கணினிக்குத் தெரிவிக்க, கணினி இஞ்செக்டர்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. இவ்வாறு கூட்டிய அளவே ஃபியூயல் ட்ரிம் எனப்படும் எரிபொருள் திருத்தமாகும்; டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள துளையில் ஸ்கேனரைச் செருகினால் அது விழுக்காடாகத் திரையில் தெரியும். வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் மட்டும் திருத்தம் மிகுந்து, என்ஜின் வேகம் கூடும்போது குறைந்தால் எங்கோ ஒரு ஹோஸ் வழியே காற்று கசிகிறது. சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பம்பு அல்லது ஃபில்டர் சோர்ந்திருக்கிறது. எல்லா நிலைகளிலும் ஒரே அளவில் கூடியிருந்தால், காற்றை அளக்கும் சென்சார் பழுதில்லை என்று உறுதி செய்துகொண்டபின், டேங்கில் இருப்பதையே சந்தேகிக்க வேண்டும்.

நேர்மையாகக் கூறுவதெனில், இரண்டு கிலோமீட்டர் இழப்பு முழுவதையும் எத்தனால்மேல் சுமத்த முடியாது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சீரமைத்த வண்டிகளில் 1 முதல் 2 விழுக்காடும், ஏனையவற்றில் 3 முதல் 6 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்பது அமைச்சகத்தின் கணக்கே. எஞ்சிய இழப்புக்கு உரசும் பிரேக்கோ, அடைத்த இஞ்செக்டரோ, சில்க் போர்டு சந்திப்போ பொறுப்பேற்கலாம். பிக்கப் விஷயத்திலும் கணினி சரியாக ஈடுகட்டினால் பெரிய தொய்வு தோன்ற வேண்டியதில்லை. ஆயினும் ஈடுகட்டும் எல்லையைத் தொட்ட பழைய வண்டிகளிலும், நல்ல கரைப்பானாகிய எத்தனால் டேங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவைத்த வண்டிகளிலும் அது தோன்றும். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண், அதாவது அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறன், அதற்கேற்ற அழுத்த விகிதமும் பொறி நேரமும் அமைந்த என்ஜினுக்கே பெரிதும் பயன்படும் என்பதால், 2017ஆம் ஆண்டுக் காருக்கு அது அணியாத நகையாகவே பெரும்பாலும் இருந்துவிடுகிறது.

இவ்விடத்தில்தான் அமைச்சகத்தின் தீர்க்கதரிசனம் விளங்குகிறது. பிக்கப் மந்தமாகும் வண்டி பள்ளத்தை மெதுவாகவே அணுகும். மெதுவாக இறங்கும் வண்டியில் குலுக்கல் குறையும். ஆகவே சவாரிச் சுகம் பெருகும். ஹெப்பாள் மேம்பாலத்தின் அடியில் அசையாமல் நிற்கும் கார்களில் இந்தச் சுகம் அதன் உச்சத்தை எட்டுவதை எவரும் சென்று காணலாம். தார் வாங்கும் செலவை மிச்சப்படுத்த விரும்பும் ஐந்து மாநகராட்சிகளும் இனி இ20-ஐயே பள்ளங்களில் ஊற்றி நிரப்பலாம்.

விலையைப் பொறுத்த ஒரு சிறு ஐயம் எஞ்சியுள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்க, எத்தனாலில் 21 மட்டுமே உண்டு. இவ்விழப்பை அறிந்தே, 2021 ஜூனில் வெளிவந்த நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கை, கலப்பு எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. அன்று எத்தனால் மலிவாக இருந்தது, 2025இல் அதன் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாயாகிவிட்டது என்று அமைச்சகம் விடையளித்துள்ளது. பெங்களூருவிலோ 2025இல் பெட்ரோல் லிட்டர் விலை 102 ரூபாயைத் தாண்டியே நின்றது; 35 லிட்டர் டேங்கில் 6 விழுக்காடு இழப்பென்றால், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் இரண்டு லிட்டருக்கு மேல், இருநூறு ரூபாய்க்கு மேல், இல்லாத பெட்ரோலுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு பங்க்கிலும் அளவைச் சோதிக்க 5 லிட்டர் கலம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மில்லிலிட்டர் குறைந்தால் குற்றம், ஆற்றல் குறைந்தால் கொள்கை. நாட்டின் நலனுக்காகப் பணம் கேட்டிருந்தால் மக்கள் கொடுத்திருப்பார்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டு, எடுத்ததில் பாதியை மறைத்து, மீதியைக் கொடுத்தவரின் கால்மேல் பழியாகப் போடுவது ஆட்சியன்று, அவமதிப்பு.

மேற்கண்ட இரண்டு வாக்கியங்கள் கைதவறி நுழைந்தவை. அவற்றை அமைச்சகம் பொருட்படுத்தலாகாது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று என்பதையும், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குப் பணம் சென்றது என்பதையும் இந்நகரம் நன்கறியும். இ20 விற்பனை 11 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களின் 84 பங்க்குகளில் 2023 பிப்ரவரி 6 அன்று பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டதே பெங்களூருவில்தான் என்பதால், சவாரிச் சுகத்தின் பிறப்பிடம் என்ற தகுதியும் இதற்கு உண்டு. எத்தனால் கலவாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வழி வேண்டும், பம்பில் கலவை விழுக்காட்டைத் தெளிவாக எழுத வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதால், இனி அமைச்சகத்தின் கருணை ஒன்றே கதி.

எத்தனாலுக்கு முன்னுதாரணமாக அமைச்சகம் அடிக்கடி காட்டும் பிரேசிலில், பெட்ரோலோடு சேர்த்துத் தனி எத்தனாலும் பங்க்கில் விற்கப்படுகிறது. அதன் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் எத்தனால், மிஞ்சினால் பெட்ரோல் என்ற கணக்கை அந்நாட்டு ஓட்டுநர்கள் மனத்திலேயே போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே பழைய வண்டிகளுக்கு இ10-ஐயும் விற்கவும், இ20-க்கு ஆற்றலுக்கேற்பக் குறைந்த விலை வைக்கவும் பணிவுடன் வேண்டப்படுகிறது. இரண்டு பெயர்களும் அவற்றின் எதிரே இரண்டு விலைகளும் எழுதிய ஒரு பலகை போதும். எதை வாங்குவது என்பதை, இத்தனை காலம் குற்றம் சாட்டப்பட்ட கால்களுக்கு உரியவர்கள் தாமே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஜாப் கார்டில் கையெழுத்திட்டவர்கள்,
பெங்களூரு.