துவரம்பருப்பும் 13.3 இன்ச்சும்

வாங்கப்போகும் இ-இங்க் டேப்லட் 10.3 இன்ச் என்று ஒருவழியாக நேற்று ராத்திரி முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறான். "மாமா, வாங்கறதுதான் வாங்கறீங்க, 13.3 பாத்துட்டீங்களா?" கூடவே ஒரு யூடியூப் வீடியோ. முக்கால் மணி நேரம். அதில் ஒருவர் வெகுநேரம் பெட்டியைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த 'வாங்கறதுதான் வாங்கறீங்க' கூட்டத்தை நாடு கடத்த வேண்டும். ஃப்ரிட்ஜோ ஸ்கூட்டரோ மூக்குக்கண்ணாடியோ, பில் போடப்போகும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். அவர்கள் பணம் அதில் ஒரு ரூபாய் இருக்காது.

13.3 வேண்டாம் என்பதற்கு அசைக்க முடியாத காரணம் ஒன்று என்னிடம் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் முன்கதை சொல்லிவிட்டு வருகிறேன்.

கைவசம் இருக்கும் ஆறு இன்ச் கிண்டில் நாவலுக்குத் தோதுதான். 2007இல் முதல் கிண்டில் வந்தபோதே அந்த அளவுதான். ஆனால் என் சொத்து முழுக்க ஸ்கேன் செய்த பிடிஎஃப். உ.வே.சா. 1894இல் பதிப்பித்த புறநானூற்றை ஆறு இன்ச்சில் திறந்தால் அடிக்குறிப்பெல்லாம் எறும்பு வரிசை. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். வரிகளை மடித்துக் காட்டும் வசதியைத் தட்டினால் சில சமயம் கொம்பு ஒரு வரியில் நிற்கும், அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே பெரிய திரை. இதுவரைக்கும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

எவ்வளவு பெரிது என்பதில்தான் சிக்கல். ஏ4 தாள் மூலைக்கு மூலை 14.3 இன்ச். 13.3 இன்ச் திரையில் அது ஏறக்குறைய முழு அளவில் வரும். 10.3 என்றால் டெமி அளவுப் புத்தகம் அச்சில் உள்ளபடியே கிட்டத்தட்ட அடங்கும், ஏ4 ஆய்வேடு சுருங்கும். கணக்கு சரி. கையில் பிடித்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஊர்க் கடை எதிலும் இதை எடுத்துக் காட்ட ஆளில்லை. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு அளவிலும் வெட்டிக்கொண்டேன்.

சிரிக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவர். கூட்டங்களில் அதை வெளியே எடுத்துக் குறிப்பெழுதுவதாகப் பாவனை செய்வார். அவர் செய்தால் ஆராய்ச்சி.

அட்டைக்கு அளவு இருந்ததே தவிர கனம் இல்லை. 13.3 இன்ச் கருவி அரைக் கிலோவுக்குச் சற்று மேலே போகும். அடுக்களையில் சரியாக அரைக் கிலோவில் கண்ணில் பட்டது துவரம்பருப்புப் பாக்கெட். அட்டைக்குப் பின்னால் வைத்து செல்லோடேப் சுற்றினேன். முன்பக்கம் புறநானூற்றில் ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். சாய்வு நாற்காலியில் அருமையாக இருந்தது. படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தபோதுதான் பருப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, அட்டை மூக்கில் இறங்கியது. உண்மையான கருவியில் பருப்பு சரியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மூக்கு மூக்குதானே.

10.3க்கு நானூறு கிராம் போதும். பாக்கெட்டைப் பிரித்து இரண்டு கைப்பிடி எடுத்து டம்ளரில் போட்டுவைத்தேன். பிறகு 13.3ஐ மறுபடி சோதிக்கும்போது திரும்பக் கொட்டினேன். பால்கனி, பஸ், பல் டாக்டரின் வரவேற்பறை என்று எல்லா இடத்துக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனேன். பல் டாக்டரிடம் பக்கத்தில் இருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றார். வாரக்கணக்கில் நிற்கும் என்றேன். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்களையிலிருந்து குரல்: "ஏங்க, அந்த டேப்லட்டைக் குடுங்க, சாம்பாருக்குப் பருப்பு பத்தலை." ஹாக்கின்ஸ் வீட்டில் மரத்துண்டை யாரும் சாம்பாருக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தச் சோதனைக் காலம் முழுவதும் நான் படித்தது அந்த ஒட்டிய பக்கம் ஒன்றைத்தான். இங்கேதான் இ-இங்க்கின் மகிமை. முடிக் கனக் குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் இழுத்தால் மேலே வருகின்றன. வந்தபின் கரண்டே இல்லாமல் அங்கேயே நிற்கின்றன. அதாவது, பக்கத்தைப் புரட்டாதவருக்குச் செலவே கிடையாது. என்னைப் போன்ற வாசகரை மனதில் வைத்துத்தான் எம்ஐடியில் யாரோ இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தக் காரணத்துக்கு வருகிறேன். அதற்குள் எழுதும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், எரிச்சலாக இருக்கிறது. விமரிசகர் ஒருவர் விடாமல் 'காகிதத்தில் எழுதுவது போலவே இருக்கிறது' என்று உருகுகிறார்கள். வழுக்கும் திரையை மெனக்கெட்டுச் சொரசொரப்பாக்கி, அதில் உரசி உரசிப் பேனா முனை தேயும்படி செய்து, தேய்ந்த முனைக்கு மாற்று முனை விற்கிறார்கள். காகிதம் போலவே இருப்பது காகிதம்தான். தெருமுனைக் கடையில் தொங்குகிறது. அதை வாங்கினால் மட்டும் என்ன எழுதிக் கிழித்தேன்? நகைக்கடையும் எல்ஐசி ஏஜென்ட்டும் கொடுத்த டைரிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஜனவரி முதல் வாரம் மட்டும் எழுதியிருக்கும், அதுவும் பால் கணக்கு.

கலர் வேறு வந்துவிட்டது. கலீடோ 3 திரையில் கறுப்பெழுத்து 300 பிபிஐ, வண்ணம் 150. மேலே வண்ண வடிகட்டி உட்காருவதால் பின்னணி கொஞ்சம் மங்கும். புறநானூற்றில் கலர்ப் படம் எதுவும் இல்லை என்று மருமகனுக்கு எழுதினேன். "ஃப்யூச்சர் ப்ரூஃப் மாமா" என்று பதில் வந்தது. 1894ஆம் வருஷப் புத்தகத்துக்கு என்ன ஃப்யூச்சரோ.

உறை விஷயத்தில் மட்டும் தெளிவாக இருக்கிறேன். பழுப்பு நிறம், காந்தம் வைத்தது, பேனா செருக ஒரு வளையம். இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் கடையில் வளையம் வைத்த உறையைவிட வளையம் இல்லாதது இருநூறு ரூபாய் அதிகம். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். தங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்திருக்கிறது.