நகல் எழுத்தர் ஆஜரா? ஆஜரா? ஆஜரா?

கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு, எக்ஸ்பார்ட்டி ஆகிப்போன பிரதிவாதி பணிந்து எழுதிக்கொள்வது.

தீர்ப்பு நகல் வாங்க நேற்றும் வந்திருந்தேன். நகல் பிரிவு நாற்காலியில் துண்டு மட்டும் ஆஜராகியிருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லையாம். இப்போது ஆடி நடக்கிறது. லீவ் லெட்டர் கொடுத்தாரா என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க கேக்கக்கூடாது சார். கட்டு அவர் பீரோவுல இருக்கு, சாவி அவர்கிட்ட இருக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றார் பக்கத்து சீட்டு அம்மா. வரிசையில் நின்ற வக்கீல் குமாஸ்தாக்கள், ஆள் புதுசு போல என்று சிரித்தார்கள்.

ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று தங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? டவாலி வராந்தாவுக்கு வந்து மூன்று முறை கூப்பிடுவார். என்னைக் கூப்பிட்டபோது நான் கீழே கழிப்பறையில், வராத தண்ணீருக்காகக் காத்திருந்தேன். மேலே ஓடி வருவதற்குள் தீர்ப்பாகிவிட்டது. என்ன வேகம்! வாதி வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. குற்றவாளிக் கூண்டுக்காரர் வராவிட்டால் பிடிவாரண்ட். அதே டவாலியை விட்டு நகல் எழுத்தரையும் மூன்று முறை கூப்பிட்டிருக்கலாமே. குரல் அவர் ஊர்வரை எட்டாதென்றால் பஸ் ஸ்டாண்டு மைக் இருக்கிறது.

நடவடிக்கையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெமோ போனதாம், கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வந்ததாம். பிறகு ஒழுங்கு நடவடிக்கை விதி 17பி-யில் சார்ஜ். விசாரணை அதிகாரி மாறிப் போய்விட்டார். புதியவர் கட்டைப் படிக்க அவகாசம் கேட்டிருக்கிறார். ஆக, வராதவருக்கு வாய்தா, வந்தவனுக்கு எக்ஸ்பார்ட்டி!

விசாரிக்காமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 311. வேண்டுமென்றே வராமலிருந்தார் என்று நிரூபிக்காமல் அதை ஒழுங்கீனம் ஆக்க முடியாது என்று 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நியாயம்தான். படுத்த படுக்கையாக இருக்கலாம், வீட்டில் சாவு விழுந்திருக்கலாம். ஆனால் ஏன் வரவில்லை என்று என்னை யார் கேட்டீர்கள்? மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். "ஆர்டர் போட்டாச்சு, வழியை விடுங்க" என்றார்கள். போனது என் அப்பா கட்டிய வீடு. வராதவருக்குச் சம்பளத்தை நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறீர்கள். அவர் வராத ஒவ்வொரு நாளுக்கும் கணக்குத் தீர்ப்பது நாங்கள்!

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. கோர்ட்டார் கருணைக்கடல். நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களை அப்பீல் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவே வைத்திருக்கிறீர்கள். எதிர்க்கட்சிக்காரர் கழிப்பதாக இல்லை. நிறைவேற்று மனு போட்டுவிட்டார். அவருக்கு நகல் எந்தப் பீரோவிலிருந்து கிடைத்தது என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. அமீனா எந்நாளும் வரலாம். இந்தக் கட்டடத்தில் லீவே எடுக்காதவர் அவர் ஒருவர்தான்.

இல்லை, தவறு, பக்கத்து சீட்டு அம்மாவும் இருக்கிறார். இரண்டு சீட்டையும் இழுத்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் என்று ஒரே ஒருநாள் வராததற்கு மறுநாளே மெமோ வாங்கினாராம். வீட்டில் இருப்பவருக்குத்தானே மெமோவைச் சார்வு செய்ய முடியும்!

எனவே, கனம் கோர்ட்டார் பெரிய மனது வைத்து, மேற்படி எழுத்தரை ஒரே ஒரு முறை, வராந்தாவில் நின்று, உரக்கக் கூப்பிட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். ஆஜராகாவிட்டால் பூட்டு உடைப்பவரைக் கூட்டி வர நான் தயார், கூலியும் என்னுடையது. இந்த மனுவுக்கு எவ்வளவு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டுவதென்று விசாரித்தேன். அதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தானாம்.