வெந்நீர் ஊரில் பனிமலைப் பூ

செலாயாங்கில் வெந்நீருக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. பூமிக்கு அடியிலிருந்தே வருகிறது. விடியற்காலையில் ஆயெர் பனாஸ் குளத்துக்குப் போனால், சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று மூன்று இனமும் வாளியும் கையுமாக உட்கார்ந்து முழங்கால் வலியைக் கரைத்துக்கொண்டிருக்கும். பகலில் 33 டிகிரி. நடுராத்திரியில் மனமிரங்கி 24க்கு இறங்கும். இந்த ஊரில்தான் என் சித்தப்பா ஆல்ப்ஸ் மலையின் ஜென்ஷியன் பூவை வளர்ப்பதென்று முடிவெடுத்தார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தே தீரும். சிலருக்கு நாலு நம்பர், சிலருக்குக் கோயில் கமிட்டி. "கமிட்டியில நின்னு தோத்துட்டு வந்து வீட்டுல கத்துறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்று சித்தி அனுமதி கொடுத்துவிட்டார்.

எல்லாம் ஒரு சில்லறைக் காசால் வந்த வினை. வியன்னாவுக்குச் சுற்றுலா போய் வந்த மகள் மேசைமேல் கொட்டிய காசுகளில், ஆஸ்திரியாவின் ஒரு சென்ட் காசும் இருந்தது. அதில் ஜென்ஷியன் பூவைத்தான் பொறித்திருக்கிறார்கள். விரல் உயரம்தான் செடி. அதில் செடியைவிடப் பெரிதாகத் தெரியும் ஊதுகுழல் பூ, அதுவும் கண்ணைப் பறிக்கிற கருநீலம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த சித்தப்பா, "1,400 மீட்டருக்கு மேல வளருதாம். நம்ம தானா ராத்தாவும் அந்த உயரம்தானே?" என்றார். தானா ராத்தா கேமரன் மலையில் இருக்கிறது, நாம் இருப்பது செலாயாங்கில் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பெரியவர்களிடம் பூகோளம் பேசக்கூடாது.

விதைக்கு இறக்குமதி அனுமதி வாங்கிய கதையைத் தனிப் புத்தகமாகத்தான் எழுத வேண்டும். பொட்டலம் வந்தது. உள்ளே இருந்ததைப் பார்த்துச் சித்தி, "காசு கொடுத்து தூசியா வாங்கினீங்க?" என்றார். ஜென்ஷியன் விதை கசகசாவைவிடப் பொடி. அதற்கு ஒரு பிடிவாதமும் உண்டு: குளிர்காலம் ஒன்று வந்து போனதாக நம்பினால்தான் முளைக்கும். ஈர மணலில் கலந்து, வாரக்கணக்கில் ஐஸ்பெட்டியில் வைத்து அதை ஏமாற்ற வேண்டும். ஆகவே எங்கள் வீட்டு ஆல்ப்ஸ், தோசை மாவுக்கும் கெம்போங் மீனுக்கும் நடுவே உள்ள தட்டில் அமைந்தது. பண்டிகைக் காலத்தில் மீன் அதிகமாகிவிட்டால் ஆல்ப்ஸ் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும்.

சில விதைகள் ஏமாந்தும் போயின. இரண்டிரண்டு இலையோடு எட்டிப் பார்த்தவற்றைச் சித்தப்பா சரளைக்கல் கலந்த மண்ணில் நட்டு, கார் நிறுத்துமிடத்தில் நிழலான மூலையில் வைத்தார். தொல்லை அங்கே தொடங்கியது. பகல் வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டாலும் இரவுப் புழுக்கம் அதற்கு ஆகாது. இரவிலும் செடி மூச்சு விடுகிறது; சூடு ஏற ஏற அந்த மூச்சும் வேகமாகிறது. பகலில் இலை சம்பாதித்ததெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகச் செலவாகிவிடும். சம்பளத்தை நம்பிக் கோலாலம்பூரில் குடும்பம் நடத்தும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சித்தப்பா விடவில்லை. பாசார் போரோங்கில் மீன் வியாபாரியைப் பிடித்து, நொறுக்கிய ஐஸ் வாங்கி வந்து தொட்டியைச் சுற்றிக் கொட்டினார். குளிர் வந்ததோ இல்லையோ, மீன் வாடை வந்தது. வாடையின் பின்னே தாமானிலுள்ள பூனைகள் அத்தனையும் வந்தன. ஆல்ப்ஸில் மாடுகூடக் கசப்புக்குப் பயந்து மஞ்சள் ஜென்ஷியனை விட்டுவிட்டு மற்றதை மேயுமாம். அந்த வேரின் கசப்பைத்தான் அங்கொஸ்தூரா பிட்டர்ஸ் புட்டியில் அடைத்து உலகமெங்கும் விற்கிறார்கள். எங்கள் பூனைகளுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. தொட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, மீன் முளைக்கும் என்று காத்திருந்தன. பக்கத்து வீட்டு மாக்சிக் தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மனா பூங்கா?" என்று பூவை விசாரிப்பார். சித்தப்பா பூனைகளைக் காட்டுவார்.

செடிகள் ஒவ்வொன்றாக அழுகின. இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கே இந்தப் பூ சரிவரப் பூப்பதில்லை, செடியை இடம் மாற்றி மாற்றி நட்டுப் பார்க்கிறார்கள் என்று படித்தபோதுதான் சித்தப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "வெள்ளைக்காரனுக்கே பூக்கல லா!"

இந்தச் சமயத்தில்தான் நான் தெம்புசு மரத்தைப் பற்றி வாய் திறந்தேன். நம் சாலையோரங்களில் வெடிப்பு விழுந்த பட்டையோடு நிற்குமே, மாலையில் வெள்ளைப் பூவின் வாசனை ஊரையே தூக்குமே, அந்த மரம்தான். முன்பு வேறொரு தாவரக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்து ஜென்ஷியன் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் திடீரென்று நமக்கு மாமன் முறை என்று தெரியவருமே, அப்படி. விரல் உயரத் தம்பி பனியில் ஒளிந்திருக்க, அண்ணன் இங்கே 25 மீட்டருக்கு மேல் வளர்ந்து வௌவாலுக்குப் பழம் போடுகிறார். அவர் கட்டையைக் கறையான் அரிக்காது. அதில் இறைச்சி வெட்டும் பலகைகூடச் செய்வார்கள். தம்பிக்கு ஆஸ்திரியா ஒரு சென்ட் கொடுத்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நிற்கும் மூத்த அண்ணனோ, அந்நாட்டின் ஐந்து வெள்ளி நோட்டிலேயே ஏறிவிட்டார்.

சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அது தானா வளருதேப்பா. அதுல நமக்கு என்ன வேலை?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வளர்கிற மரத்தை எந்த ஓய்வூதியக்காரர் மதிப்பார்? காலையில் எழுந்து குனிந்து பார்த்துக் கவலைப்பட ஒன்று வேண்டும். ஐஸ் வாங்கப் போகும் சாக்கில் மீன்காரரோடு அரை மணி நேரம் அரசியல் பேச வேண்டும். இதையெல்லாம் தெம்புசு தராது.

நேற்று போயிருந்தபோது ஐஸ்பெட்டியின் நடுத்தட்டு காலியாக, துடைத்துச் சுத்தமாக இருந்தது. சித்தி நிம்மதியாக நாலு கிலோ கெம்போங் வாங்கி வைக்கப் போவதாகச் சொன்னார். சித்தப்பா கூடத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் கொண்டுவந்த மற்ற காசுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சென்ட்ல எடல்வைஸ்னு ஒரு பூ போட்டிருக்கான், பார்த்தியா?" என்றார்.