கியர் துறந்தவர்

ஒரு காலத்தில் இவரும் 24 கியர் சைக்கிள்தான் வைத்திருந்தார். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. அதைப் பெருக்கிச் சொல்லித்தான் அக்கம்பக்கத்தை அசத்தினார். சென்னையோ கேரம் போர்டு மாதிரி மட்டமான ஊர். அடையாறிலிருந்து மயிலாப்பூர் போய்வர மூன்றாவது கியர்கூடத் தேவைப்படாது. மற்றவர்களானால் மிச்சத்தைத் தொடாமல் விட்டிருப்பார்கள். இவர் துறப்பது என்று முடிவெடுத்தார்.

"இருக்கறதுல ஒண்ணுல வெச்சு அப்படியே ஓட்டினா ஆகாதா?" என்றார் மனைவி. எடை குறையும், செயின் நேராக ஓடும், துடைப்பது சுலபம் என்று இவர் அரைமணி நேரம் பேசினார். கேட்டது அதுவல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

துறவுக்குச் செலவு அதிகம். ஒற்றைப் பல்சக்கரம், எட்டு இருந்த இடத்தை அடைக்க வளையங்கள், புதுச் செயின் எல்லாம் வந்தன. மாட்டினால் செயின் தொங்கியது. இத்தனை நாள் கியர் மாற்றும் கைதான் அந்தத் தொய்வையும் இழுத்துப் பிடித்திருந்தது என்பது அதைக் கழற்றிய பிறகே புரிந்தது. தொய்வை எடுக்கத் தனியாக ஒரு கருவி வாங்கினார். பார்க்க அச்சாகக் கழற்றிப்போட்ட கை மாதிரியே இருந்தது. "பழசையே மாட்டிக்கலாமே சார், வேலை அதேதான்" என்றார் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். அன்றிலிருந்து இவர் வேறு கடைக்குப் போகிறார்.

அடுத்தது பல் கணக்கு. முன்னால் 42 பல், பின்னால் 16 வைத்தால் ஒரு மிதிக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் போகலாம். 17 வைத்தால் ஓர் அடி குறையும். அந்த ஓர் அடிக்காக ராத்தூக்கம் போயிற்று. வாசலில் பால்காரர் சைக்கிளை நிறுத்தியதும் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்துவார். அச்சு முன்னும் பின்னும் நகர வாகாக நீளவாட்டில் வெட்டிய வாய், இழுத்துப்பிடிக்கச் செயின் அட்ஜஸ்டர்! இவருடைய விலை உயர்ந்த ஃபிரேமில் அந்த வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கிறது. எல்லா வினையும் அதனால்தான்.

"இதுக்கு எத்தனை பல்லுப்பா?"

"மாட்டுக்கா சார் கேக்கறீங்க?"

விருந்தாளி அகப்பட்டால் சரித்திரம் தொடங்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயின் மாற்றும் கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை, ஆல்ப்ஸ் மலையையே அது இல்லாமல் ஏறினார்கள் என்பார். மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவார். நான் ஒருமுறை நினைவுபடுத்தினேன். காபி ஆறிப்போய் வந்தது.

ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆர். போகும்போது எல்லாம் சுகமாகவே இருக்கும். திரும்புகையில் எதிர்காற்று. 24 கியர் ஆசாமிகள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு பேச்சு விடாமல் போக, இவர் எழுந்து நின்று மிதிப்பார். டியூஷனுக்குப் போகிற ப்ளஸ் ஒன் பெண், அரசு கொடுத்த சைக்கிளில், கேரியரில் தோழியை வைத்துக்கொண்டு முந்திப் போவாள். அதிலும் ஒரே கியர்தான். அது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை. மேம்பாலம் வந்தால் இவர் இறங்கித் தள்ளுவார். கேட்டால், மேலிருந்து ஊரைப் பார்க்க நன்றாக இருக்கிறதாம்.

இப்போது புதிதாக ஒன்று பிடித்திருக்கிறது: ஃப்ரீவீல் எதற்கு? அதையும் எடுத்துவிட்டால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை ஓயவிட முடியாது. பெடலை இறுக்கியே வண்டியை நிறுத்தலாம், ஆகவே பிரேக்கும் வேண்டாம் என்கிறார். வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. முன்பிரேக் மட்டும் இருக்கட்டும் என்பதுவரை மாமியார் இறங்கி வந்திருக்கிறார்.