வட்டும் பெட்டியும்: ஒரு பொருத்த ஆராய்ச்சி

ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இவ்வாய்வு எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தொடங்கியது. அதிகாலை நாலரை மணி. பசு வாசலுக்கு வந்துவிட்டது. மாமா தம் கையால் எழுதிக் கொண்டுவந்த நாதஸ்வரச் சிடியைப் பெட்டியில் போட்டோம். பெட்டி இரண்டு முறை கரகரத்தது, யோசித்தது, ‘நோ டிஸ்க்’ என்றது. தட்டைத் திறந்தால் சிடி இருக்கிறது, மூடினால் இல்லை. உள்ளதா இல்லதா என்னும் இவ்வினாவை நம் தத்துவ மரபு நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறது. மாமா விவாதிக்கவில்லை. “என் வண்டியில பாடுச்சே” என்றார்.

இத்துறையின் மூல சூத்திரம் இதுவே. பாடாத சிடியைக் கொடுத்தவர் எவரும் இதைத்தான் சொல்கிறார். வாங்கியவர் சொல்லும் மறுமொழியும் மாறுவதில்லை: “எங்க பெட்டியில மத்த சிடி எல்லாம் பாடுதே.” இரண்டுமே உண்மை. இரு தரப்பும் உண்மை பேசியே சண்டை வளர்வது கல்யாண வீட்டில் மட்டுந்தான். ஆகவே வட்டுக்கும் பெட்டிக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பதே முறை என்பது என் துணிபு. பத்தில் எனக்கு நான்கே கைவந்தன. அவசரத்தில் ஜோசியர்களும் அவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

முதலாவது கணப் பொருத்தம். பெட்டிக்குள் 780 நானோமீட்டர் லேசர் ஒன்று, நம் கண்ணுக்கு அகப்படாமல், சிடியின் மேல் பட்டுத் திரும்புகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதில்தான் குலம் கோத்திரம் எல்லாம். ஆலையில் அச்சான சிடி, விழும் ஒளியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்ப வேண்டும் என்பது விதி. இது தேவ கணம். வீட்டில் எழுதும் சிடி-ஆரில் பள்ளமே கிடையாது; சாயப் பூச்சைச் சுட்டுப் பள்ளம்போல வேஷம் கட்டியிருக்கிறோம். அது தருவது ஏறக்குறைய 65. மனுஷ கணம். அழித்தழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ, கைமாற்று வாங்கிய உறவினரைப் போல, வாங்கியதில் 15 முதல் 25 சதவீதமே திருப்பும். இது ராட்சச கணம் என்பதில் உரையாசிரியர் எவருக்கும் ஐயம் இராது. 1982இல் ஜப்பானில் முதல் பெட்டி கடைக்கு வந்தபோது தேவரைத் தவிர எவரும் பிறந்திருக்கவில்லை. சிடி-ஆர்டபிள்யூ வந்ததே 1997இல். பழைய பெட்டிக்கு அதைக் காட்டினால் இருட்டைக் காட்டியது போலத்தான். போதாக்குறைக்கு, வயதாக ஆகப் பெட்டியின் லேசரும் மங்கும். மெக்கானிக் இதை ‘லென்ஸ் வீக் சார்’ என்று மூன்றே சொல்லில் முடிக்கிறார். அவருக்கு ஆய்வு நெறி தெரியாது.

தொடக்க கால டிவிடி பெட்டிகள் சில இன்னும் விசித்திரம். அவற்றிலிருந்த 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு அச்சுச் சிடி தெரிந்தது. சிடி-ஆரின் சாயம் மட்டும் பிடிபடவில்லை. பிறகு இன்னொரு லேசரும் சேர்த்து வைத்தார்கள். ஒரு கண் போதாதென்று இரண்டாவது கண்.

அடுத்தது ரஜ்ஜு. ரஜ்ஜு என்றால் கயிறு. சிடி உள்ளிருந்து வெளிப்புறமாகப் படிக்கப்படுவது. உள்வளையம் ‘லீட் இன்’. எந்தப் பாட்டு எங்கே என்ற பொருளடக்கம் அங்கே இருக்கும். பிறகு பாட்டுகள். ஓரத்தில் ‘லீட் அவுட்’. ஆக, முடிச்சு மூன்று. ‘பின்னால நாலு பாட்டு சேர்த்துக்கலாம்’ என்று ‘ஃபைனலைஸ்’ கொடுக்காமல் விட்டால் நடு முடிச்சு மட்டுமே விழுந்திருக்கும். அந்தச் சிடி, எழுதிய கம்ப்யூட்டரோடு மட்டும் குடித்தனம் நடத்தும். பிற பெட்டிகள் அதை ஏறெடுத்தும் பாரா.

வேதைப் பொருத்தம் சோகமானது. 2000களின் தொடக்கத்தில், கம்ப்யூட்டரில் நகலெடுப்பதைத் தடுக்கச் சில இசை நிறுவனங்கள் சிடியில் வேண்டுமென்றே பிழையான பொருளடக்கத்தைப் புகுத்தின. கம்ப்யூட்டர் குழம்பியது, கூடவே காசு கொடுத்து வாங்கியவரின் கார் ஸ்டீரியோவும் சில இடங்களில் குழம்பியது. இதற்கெல்லாம் சிடி முத்திரை போடலாகாது என்று, சிடியைப் பெற்ற இரு நிறுவனங்களில் ஒன்றான பிலிப்ஸே சொல்லிற்று. 2002இல் பரிகாரமும் கிடைத்தது: விளிம்பையொட்டிக் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்தால் சிலவகைத் தடை நீங்கியது. திருஷ்டிப் பொட்டு என்ற சொல் மேல்நாட்டுப் பத்திரிகையாளரிடம் இல்லாததால் செய்தியாக வெளியிட்டார்கள்.

பொருத்தம் சரியில்லாவிட்டால் நம்மவர் முதலில் கை வைப்பது துடைப்பதில்தான். அம்மா முந்தானையால் வட்டவட்டமாகத் துடைத்தாள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் மரபு அது, சிடிக்கு ஆகாது. சிடியில் ஒரு பாட்டின் துண்டுகள் கலைத்துக் கலைத்து எழுதப்பட்டிருக்கும். ஒரே தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்தாலும், ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் வகுத்த கணக்கின் வழி பெட்டி மீட்டுவிடும். குறுக்கே விழும் கீறல் பல தடங்களைச் சிறிது சிறிதாகக் கடிக்கும். வட்டக் கீறலோ ஒரே தடத்தோடு கூடவே ஓடி மொத்தமாக விழுங்கும். ஆகவே நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். இன்னொன்று: பளபளக்கும் பக்கம் கீறுமே என்று பெயர் எழுதிய பக்கத்தைக் கீழே வைப்பவர்கள் கவனிக்க. பாட்டு இருப்பது பெயர் எழுதிய பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில். பளபளக்கும் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் காவல். நாம் காவலாளியைக் காப்பாற்ற நகைப்பெட்டியைத் தரையில் தேய்த்திருக்கிறோம்.

இவ்வளவும் பார்த்தும் மாமாவின் சிடி வாய் திறக்கவில்லை. நான்காவதான யோனிப் பொருத்தம் அப்போதுதான் வெளிப்பட்டது.

“எத்தனை பாட்டு மாமா இதுல?”

“நூத்தம்பது. ஒரு சிடிக்குப் பதினஞ்சு பாட்டுதான்னா யாருக்குக் கட்டுப்படியாகும்?”

எம்பி3. விநாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியை அப்படியே பதிந்தால் 74 நிமிடத்தில் சிடி நிறைந்துவிடும். சுருக்கி அடைத்தால் அதே வட்டில் பன்னிரண்டு மணி நேரத்துப் பாட்டு போகும். அது ஆடியோ சிடியே அல்ல, கோப்புகள் நிறைந்த கம்ப்யூட்டர் சிடி. ஜாதி வேறு. மாமாவின் புதுக் காருக்கு அந்தப் பாஷை தெரியும். எங்கள் பெட்டிக்கு, பாவம், தெரியாது.

ஐயர் நல்ல நேரம் போகிறது என்றார். மாமா காரைப் பின்னோக்கி ஓட்டிவந்து வாசலை அடைத்து நிறுத்தினார். நாலு கதவையும் திறந்து வைத்தார். நாதஸ்வரம் தெருவையே எழுப்பியது. பசு காரைப் பார்த்து மிரண்டு, மூன்று முறை பின்வாங்கி, கடைசியில் பக்கத்து வீட்டுத் தோட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கொல்லைப்புறமாகக் கிரகப்பிரவேசம் செய்தது. மாமா ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி என்னைப் பார்த்தார்.

“பாடுதா இல்லியா?”