பழனிக்கு நடந்த கால்: கேள்வி–பதில்

மகன் கிரீஸ் போகிறான். அங்கே கிரீட் தீவில் பஸ், காரெல்லாம் விட்டுவிட்டுக் கடலோரமாகவே நாள் முழுக்க நடக்கப் போகிறானாம். இவ்வளவு பணம் கட்டி விமானம் ஏறுவது நடப்பதற்கா?
— வாசகர், கானாடுகாத்தான்

வாசலில் கார் நிற்க, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போகிற ஊரில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறியவர்கள் பழனிக்கு மட்டும் வண்டி தேடவில்லை. தம்பிக்கு அந்தக் கால்தான் வாய்த்திருக்கிறது. ஒரே ஒரு குறை: பழனிப் பாதையில் பத்தடிக்கு ஒருவர் மோரோ பானகமோ நீட்டுவார். கிரீட்டில் ஆடுதான் எதிரே வரும். அது எதையும் நீட்டாது.

எந்த வழியாகப் போவான்? ரொம்பக் கடினமா?
— வாசகி, தேவகோட்டை

தீவின் தென்கரை என்றால் 'ஈ4' வழியாக இருக்கும். ஐரோப்பாவின் நெடுந்தூர நடைபாதைகளுக்கு அப்படி எண் போட்டிருக்கிறார்கள். மஞ்சளும் கறுப்புமான அடையாளம் பார்த்துப் போக வேண்டும். பலர் சமாரியா மலைப்பிளவில் தொடங்குவார்கள். சுமார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து 16 கிலோமீட்டர் இறங்கினால் அயியா ருமேலி என்ற கடலோரக் கிராமம். "இறக்கம்தானே" என்று கிளம்புகிறவரை மறுநாள் காலையில் முழங்கால் நலம் விசாரிக்கும். நடுவில் இரண்டு பக்கப் பாறையும் நெருங்கி நான்கு மீட்டர் சந்தாகும் இடத்துக்கு 'இரும்புக் கதவு' என்று பெயர். நம் வீட்டுக் கதவு மாதிரி பர்மாத் தேக்கும் இல்லை, பித்தளைக் குமிழும் இல்லை. வெறும் பாறை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அயியா ருமேலிக்குச் சாலையே கிடையாது. படகு அல்லது கால். அங்கிருந்து கிழக்கே கடலை ஒட்டி நடந்தால், கரையிலேயே பவுலடியார் பெயரில் ஒரு சின்னக் கல் தேவாலயம். அதையும் தாண்டி மணிக்கணக்கில் நடந்தால் லூத்ரோ. அதற்கும் சாலை இல்லை! கடைசிப் படகு போய்விட்டால் இரவு அங்கேதான்.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்கக் கோடை நம் சித்திரை வெயிலுக்குத் தம்பி அல்ல, பங்காளி. 2024 ஜூனில் சிமி தீவில், உடல்நலம் பற்றி ஊருக்கே எடுத்துச் சொன்ன பிரிட்டிஷ் மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, கடும் வெயிலில் தனியே நடந்துபோய் இறந்தார். கடற்கரை விடுதி ஒன்றுக்கு மிக அருகில்தான் உடல் கிடைத்தது. எனவே ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மே, அக்டோபர் நல்லது. குளிர்காலத்தில் வெள்ள அபாயத்தால் பிளவையே மூடிவிடுவார்கள். தனியாக நடக்க வேண்டாம். தண்ணீர் கனமாக இருக்கிறது என்று ஒரு பாட்டிலையும் குறைக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் அப்படி நடக்க முடியாதா?
— வாசகர், காரைக்குடி

ஏன் முடியாது? தேவகோட்டை தாண்டித் தொண்டிக்குப் போய்ப் பாருங்கள். பாக் நீரிணைக் கடல் அலையடிக்கவே யோசிக்கும். தெற்கே நடந்தால் காரங்காட்டில் அலையாத்திக் காடு வந்து கரையை மறித்துவிடும். அங்கே வனத்துறையின் படகில் ஏறிக்கொள்ளலாம். அதையும் கடந்தால் கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினம்.

மணல் நடைதான் வேண்டும் என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் போனபின், அரிச்சல்முனைக்கு மணலில் நடந்தோ வேனில் குலுங்கியோதான் போக வேண்டியிருந்தது. 2017-இல் தார்ச்சாலை வந்துவிட்டது. இப்போது ஏசி காரில் போய், கண்ணாடியை இறக்காமலே கடலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நடக்கிறவருக்கு நிழல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விடியுமுன் கிளம்புங்கள்.

கிரேக்கர்கள் நம் கடலோரத்துக்கு வந்ததுண்டா?
— கல்லூரி மாணவி, சிவகங்கை

வந்தார்கள், கப்பலில்! எகிப்தில் வாழ்ந்த கிரேக்கமொழி வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு கொற்கை முத்துக்குளிப்பைச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கடலில் இறக்கினார்களாம். வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. வந்தவர்கள் மிளகும் முத்தும் வாங்கினார்களே தவிர, கரையோரமாக நடந்து காற்று வாங்கியதாகக் கையேட்டில் வரி இல்லை. லாபம் இல்லாத நடையை அந்த வணிகர் எதற்கு எழுதப்போகிறார்? செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புரியும்.

கட்டுச்சோறு என்ன கொடுத்துவிடலாம்?
— ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்

புளியோதரையும் தேன்குழலும். கந்தரப்பம் வேண்டாம் ஆச்சி, மத்தியானத்துக்குள் பையோடு உறவாகிவிடும்.

புது ஷூ வாங்கி வைத்திருக்கிறான். எப்போது போட ஆரம்பிக்கலாம்?
— வாசகர், கோட்டையூர்

நேற்று. இன்றைக்கே பிரித்து, குன்றக்குடிக்கு இரண்டு நடை போகச் சொல்லுங்கள். கொப்புளம் வருவதானால் உள்ளூரிலேயே வரட்டும், மருந்துக்கடையில் தமிழில் கேட்கலாம்.

நடந்துகொண்டே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
— மீண்டும் கானாடுகாத்தான் வாசகர்

படகில் ஏறி உட்கார்ந்தபின் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் போட்டால் குழுவில் இருக்கும் பதினெட்டுச் சித்தப்பாக்களுக்கும் பதில் எழுதி முடிப்பதற்குள் படகு போய்விடும். அப்புறம் லூத்ரோவில் அறை வாடகையைக் கேட்டு எனக்குத்தான் கடிதம் எழுதுவீர்கள்.