யெஸ்ஸா, நோவா?

நேற்றும் கேட்டது. கேப் டிரைவர் கீழே வந்து நின்று மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு கமிட் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று கிட் ஜியுஐயைத் திறந்தால், நட்டநடு ஸ்க்ரீனில் அந்தப் பெட்டி. ரெப்போவில் சுமார் 320 லூஸ் ஆப்ஜெக்ட்கள் சேர்ந்துவிட்டனவாம். வேகம் குறையாமல் இருக்க டேட்டாபேஸைக் கம்ப்ரஸ் செய்வது மிக மிக நல்லதாம். இப்போதே செய்துவிடலாமா? யெஸ், நோ. பதில் சொன்னால்தான் வேலை ஓடும்.

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். படிக்காமலே நோ. திங்கட்கிழமை காலையில், மனசாட்சி கொஞ்சம் ஈரமாக இருக்கும் நேரத்தில், யெஸ். அப்புறம் அது ஓடி முடியும்வரை காபி மெஷின் பக்கம் போய் நிற்பீர்கள். இரண்டில் எது சரி என்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் அந்த 320 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

கிட் லேசில் எதையும் தூக்கிப்போடாது. ஒரு ஃபைலை ஆட் செய்தால் ஒரு ஆப்ஜெக்ட். ஒரு கமாவை எடுத்துவிட்டு மறுபடி ஆட் செய்தால் இன்னொரு ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் 40 எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து, 00 முதல் எஃப்எஃப் வரை 256 ஃபோல்டர்களில் பிரித்துப் போட்டுவைக்கும். குப்பை எவ்வளவு என்று தெரிய 256-ஐயும் திறந்து எண்ண வேண்டுமே, நேரமாகுமே? ஆகாது, ஏனென்றால் எண்ணுவதே இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். விண்டோஸ் என்றால் 40, 41, 42, 43 என்று நாலே நாலு ஃபோல்டரை எட்டிப் பார்க்கும். நாலிலும் சேர்த்து நாலு ஃபைல் தென்பட்டால் போதும், 64-ஆல் பெருக்கி, ஐயையோ 256 என்று பெட்டியை எழுப்பிவிடும். எனக்கு வந்த 320 வெறும் ஐந்து ஃபைல். அந்த ஐந்தும் என் கெட்ட நேரத்துக்கு 41-லேயே விழுந்து, மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருந்திருந்தாலும் பெட்டி 320 என்றுதான் சொல்லியிருக்கும். சந்தேகமென்றால் விண்டோஸில் உங்களுக்கு வந்த எண்ணை 64-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வராது.

லினக்ஸ்காரர்களுக்கு 40 மட்டும்தான். அதிலும் எட்டு ஃபைல் சேர வேண்டும், அதாவது 2,048. விண்டோஸில் சின்னச் சின்ன ஃபைல்கள் குவிந்தால் மந்தமாகும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டுக்கு ஒரு பங்கிலேயே பதற வேண்டுமா?

இன்னும் இருக்கிறது. கமாண்ட் லைன் கிட்டுக்கும் தானாகக் குப்பை அள்ளும் வழக்கம் உண்டு, ஜிசி ஆட்டோ என்று. அது எட்டிப் பார்ப்பது 17-ஐ. 17-ல் ஃபைல்கள் 27-ஐத் தாண்டினால்தான் அசையும். அதன் வரம்பு 6,700. ஆக ஒரே ரெப்போ, ஒரே குப்பை. 40-ஐப் பார்ப்பவர் 256-க்கே கூப்பாடு போடுகிறார். 17-ஐப் பார்ப்பவர் 6,700 வரை கண்ணைத் திறப்பதில்லை. ஏன் 17, ஏன் 40 என்று கேட்டால், ஷா-1 பெயர்கள் எல்லா ஃபோல்டரிலும் சீராகப் பரவும், எதைப் பார்த்தாலும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றுதான் என்றால் இரண்டு பேரும் ஒரே ஃபோல்டரைப் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே? நியூமராலஜியாவது பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. 17-ன் கூட்டு எண் எட்டு, சனி. 40-ன் கூட்டு எண் நாலு, ராகு. கடை போர்டுக்குக்கூட யாரும் வைக்க மாட்டார்கள்.

சரி, யெஸ் அழுத்தினால்? கமிட்டில் சேர்ந்ததெல்லாம் ஒரு பேக் ஃபைலுக்குள் அடங்கிவிடும். நீங்கள் ஆட் செய்து, கமிட் போடுவதற்குள் மனம் மாறி மாற்றி எழுதினீர்களே, அந்தப் பழையவை? அவற்றை எந்தக் கமிட்டும் சொந்தம் கொண்டாடாது. கேட்பாரற்றுக் கிடந்தாலும் இரண்டு வாரத்துக்கு கிட் ஜிசி அவற்றை அழிக்காது. அதில் நாலு, 40-க்கும் 43-க்கும் நடுவே கிடந்தால் நாளை காலை அதே பெட்டி, அதே பணிவு. 2023-ல் வந்த 2.41 பதிப்பிலிருந்து இந்த அநாதைகளைத் தனியாக ஒரு பேக்கில் கட்டிவைக்க கிட் ஜிசி தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இருப்பது அதற்கு முந்தியது. அப்டேட் செய்ய டிக்கெட் போட வேண்டும், மேனேஜர் அப்ரூவ் செய்ய வேண்டும், அவர் லீவில் இருக்கிறார்.

டெர்மினலுக்கு ஓடினாலும் நிம்மதி இல்லை. விண்டோஸில் பழைய பேக்கை அழிக்கப் போகும்போது ஆன்டிவைரஸோ எடிட்டரோ அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். அழிக்க முடியவில்லை, மறுபடி முயலட்டுமா, ஒய் ஆர் என்? ஒய். மறுபடி முயலட்டுமா? ஒய். என் என்று சொன்னால் அடுத்த ஃபைலுக்கு வரும். பின்னணியில் ஓடும் ஜிசிக்கு ஏதாவது மனத்தாங்கல் என்றால் ஜிசி.லாக் என்று ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிடும். மூல காரணத்தைச் சரிசெய்து இந்த ஃபைலை அழியுங்கள், அதுவரை தானாகச் சுத்தம் செய்வதாக இல்லை என்று அறிவிப்பு வேறு. மூல காரணம் நான் வேலை பார்ப்பது. அதை எப்படி ஐயா சரிசெய்வது?

கான்ஃபிக்கில் ஜியுஐ.ஜிசிவார்னிங் என்று ஒன்று இருக்கிறது, அதை ஃபால்ஸ் ஆக்கினால் பெட்டி வராது என்று சொல்ல உங்களில் சிலர் கை தூக்கியிருப்பீர்கள். தெரியும், இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்புகிறவன் எதற்காக கான்ஃபிக்கைத் தேடிப் போக வேண்டும்? கிட் ஜியுஐ திறந்த மூல மென்பொருள், எழுதியிருப்பது டிசிஎல்/டிகேவில். அந்த மொழி தெரிந்த புண்ணியவான் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பெட்டியில் யெஸ், நோ இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பொத்தான் வையுங்கள். அதன்மேல் ‘இனிமேல் கேட்காதே’ என்று எழுதினால் போதும்.